ஆர்க்கிடெக்சர் ரெபாசிட்டரியைப் பகுதி பகுதியாகப் பிரித்தோம்

எங்கள் கம்பெனி வாகன உதிரிபாகங்கள் செய்கிறது. ஆலை ஒரகடத்தில், ஐடி குழு கிண்டியில். கம்பெனியின் மென்பொருள்கள் எவை, ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று காட்டும் வரைபடங்களைச் சேர்த்து வைக்கும் இடம்தான் ஆர்க்கிடெக்சர் ரெபாசிட்டரி. அதில் ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர் என்றுதான் வெகுநாளாக இருந்தது. ப்ராஜெக்ட் முடிந்ததும் அந்தப் படங்களைக் கேட்பாரில்லை. வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் ஒரே கஸ்டமர் மாஸ்டர் அப்ளிகேஷன் ஓரிடத்தில் ‘கஸ்ட் மாஸ்டர்’, இன்னோரிடத்தில் ‘சிஎம் டிபி’. எது இன்று ஓடுவது, எது இனிமேல் வரப்போவது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிரிப்பதற்கு டோகாஃப் (TOGAF) என்ற ஆர்க்கிடெக்சர் வழிமுறையை எடுத்துக்கொண்டோம். தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு வெளியிடும் இதன் முதல் பதிப்பு 1995-இல் வந்தது. 2022-இல் பத்தாம் பதிப்பு வந்தது. மெட்டாமாடல் (எதை எப்படிக் குறிப்பது என்ற வரையறை), லேண்ட்ஸ்கேப் (இன்று உள்ள, இனி வரப்போகும் சிஸ்டங்களின் படங்கள்), ஸ்டாண்டர்ட்ஸ் (பின்பற்ற வேண்டிய தரநிலைகள்), ரெஃபரன்ஸ் லைப்ரரி (திரும்பப் பயன்படுத்தும் மாதிரிகள்), கவர்னன்ஸ் பதிவுகள் (எடுத்த முடிவுகள்) என்று தனித்தனி இடம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. லேண்ட்ஸ்கேப் தவிர மற்றவை சுலபமாகவே முடிந்தன.

லேண்ட்ஸ்கேப்பில்தான் வாக்குவாதம். துறைவாரியாகப் பிரிக்கலாம் என்றார்கள் சிலர். ஆலையிலிருந்து வந்திருந்த பொறியாளர் கேட்டார்: “சார், நாளைக்கு டிபார்ட்மென்ட் பேரை மாத்திட்டாங்கன்னா எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணுமா?” அந்தக் கேள்விதான் முடிவை எடுத்தது. ஆர்டர் எடுப்பது, உற்பத்தித் திட்டமிடல், சரக்கு அனுப்புவது போன்ற பணிகளின் அடிப்படையில் பிரித்தோம். துறைகள் கலைந்தாலும் இந்த வேலைகள் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர். அதற்குள் ‘இன்று உள்ளது’, ‘இலக்கு’ என இரண்டு பிரிவு. என்னைக் கேட்டால், பொறுப்பாளர் பெயர் இல்லாத பகுதியைத் திறக்கவே கூடாது. யாரும் கவனிக்காத படம் தப்பான தகவலைத்தான் கொடுக்கும்.

அப்புறம் கை வேலை. நாங்கள் பயன்படுத்துவது ஸ்பார்க்ஸ் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்ற வரைபட மென்பொருள். அதில் ஒரு எலிமென்ட்டை (படத்தில் வரும் ஒரு அப்ளிகேஷன் போன்ற உருப்படியை) வேறு பேக்கேஜுக்கு, அதாவது வேறு ஃபோல்டருக்கு, நகர்த்தினால் படங்கள் கெடாது, ஏனென்றால் அதன் அடையாள எண் மாறுவதில்லை. அழித்தால் அது இருந்த எல்லாப் படங்களிலிருந்தும் போய்விடும். அதனால் ‘சிஎம் டிபி’யைத் தொடுவதற்கு முன், அது எந்தெந்தப் படத்தில் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றிலும் சரியான கஸ்டமர் மாஸ்டரை வைத்து, இணைப்புகளையும் மாற்றிவிட்டுத்தான் அழித்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது. அப்ளிகேஷன்கள் எல்லாம் இப்போது ஒரே பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பகுதிகளில் இருப்பவை படங்கள் மட்டும். எடிட் செய்யும் உரிமையையும் பகுதிவாரியாகப் பூட்டினோம்.

இரண்டு பகுதிகளுக்கு இடையே தகவலைக் கடத்தும் இன்டர்ஃபேஸ் யாருடையது? தகவலை அனுப்புபவருடையது என்று வைத்தோம். பெறுபவர் ஒப்புதல் தராமல் மாற்ற முடியாது.

ஆலையின் ஷாப் ஃப்ளோர் (உற்பத்தித் தள) சிஸ்டங்கள் இன்னும் பாக்கி. அவற்றுக்குப் பொறுப்பாளரை ஆலை நிர்வாகம் சொன்னதும் அந்தப் பகுதியையும் திறப்போம்.