பம்பை மாற்றியும் இறுகியே இருந்த ஸ்டீரிங்

பவர் ஸ்டீரிங் பம்ப் போய்விட்டது என்று சொல்லி, புதுசு மாட்ட 18,000 ரூபாய் வாங்கினார்கள். வண்டியை வெளியே எடுத்து முதல் திருப்பத்தில் திருப்பினேன். ஸ்டீரிங் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "புது பம்பு செட் ஆகணும் சார், ஓட்ட ஓட்ட லூசாயிடும்" என்றார் பட்டறைக்காரர். பம்ப் செட் ஆகி ஸ்டீரிங் லேசான கதையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. என்னுடையதைப் போல உயரம் கூட்டிய பிக்கப் வைத்திருப்பவர்கள் யாராவது அடுத்து இப்படி ஒரு பட்டறைப் படியில் ஏறப்போகிறீர்கள் என்றால், ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி டீசல் டபுள் கேபின் பிக்கப், ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய ஓனர் சஸ்பென்ஷனில் 2 இஞ்ச், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஸ்பேசர் (உயரக் கட்டை) வைத்து இன்னொரு 2 இஞ்ச் என்று தூக்கியிருந்தார். கம்பெனி டயர் 245/70, 16 இஞ்ச் ரிம். அதை எடுத்துவிட்டு 285/75 போட்டிருந்தார். விட்டக் கணக்கில் ஏறக்குறைய 3 இஞ்ச்சுக்கு மேல் வித்தியாசம். அவ்வளவு பெரிய டயர் போட்டால் ஸ்டீரிங் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன்.

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறியபோதுதான் இது டயர் கனம் இல்லை என்று தெரிந்தது. அங்கே 40 கொண்டை ஊசி வளைவு. வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வரவேண்டும். இது வரவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது, நான்தான் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. எதிரே பஸ் வரும்போது அது எப்படி இருக்கும் என்று அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து ஸ்பேசரைப் பார்த்தார், ஜாப் கார்டு போடவே மறுத்துவிட்டார். "எல்லாத்தையும் கம்பெனி நிலைக்குக் கொண்டாந்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்." 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பையும் சேர்த்துச் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது உண்மைதான், அதில் நான் சண்டை போட முடியாது. ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கி, கோளாறு எங்கே என்று மட்டும் சொல்ல என்ன தடை? அதற்கும் ஆள் இல்லை. அந்தக் கோபத்தில்தான் மேலே சொன்ன பம்ப் பட்டறைக்குப் போனது.

பம்ப் கோளாறா, வேறா என்று பிரிக்கக் காசே செலவாகாது. பம்ப் பலவீனமாக இருந்தாலும் பெல்ட் நழுவினாலும் ஸ்டீரிங் முழுக்க ஒரே மாதிரி கனக்கும், ஐட்லிங்கில் இன்னும் மோசமாக இருக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கொஞ்சம் இளகும். என் வண்டியில் அப்படி இல்லை. ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகும், நடுவில் இரண்டு இடத்தில் இளகும். இதை பட்டறையில் தெளிவாகவே சொன்னேன். "பெரிய டயர் சார்" என்று முடித்துவிட்டார்கள். அடுத்து ரேக்கையும் (ஸ்டீரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு நகர்வாக்கிச் சக்கரத்தைத் திருப்பும் பல்சட்டம்) ரீகண்டிஷன் செய்யலாம் என்று எஸ்டிமேட் வேறு தயாராக இருந்தது. பம்ப் மாற்றியபோது காற்றைக்கூடச் சரியாக எடுக்கவில்லை, ஆயில் நுரைத்து முனகிக்கொண்டே இருந்தது. முன்சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகப் பலமுறை திருப்பினால் காற்று போய்விடும். முனையில் சில விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், புது பம்பும் சூடாகிக் கெடும். என்ன ஆயில் ஊற்றுவது என்று ஆயில் டப்பா மூடியிலேயே போட்டிருக்கும், கடைக்காரர் கையில் இருப்பதை வாங்க வேண்டாம்.

பழைய ஜீப்பிலேயே ஆயுசைக் கழித்த ஒரு மெக்கானிக் அண்ணன் ஊருக்குள் இருக்கிறார். போர்டு கிடையாது, புளியமரத்தடிதான் ஷெட். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சுத்து முழுக்க டைட்டுங்களா தம்பி, இல்ல எடத்துக்கு எடங்களா?" அங்கேயே எனக்குப் பாதி நிம்மதி.

அவர் செய்ததைச் சொல்கிறேன், யாரும் செய்யலாம். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். இன்ஜின் ஆஃப். ஸ்டீரிங்கைத் திருப்பினால் அதே இரண்டு இடத்தில் பிடித்தது. டயர் தரையில் இல்லை, பம்ப் ஓடவில்லை, அப்படியும் பிடிக்கிறது என்றால் அவை இரண்டும் கணக்கிலிருந்து வெளியே. பிறகு இரண்டு பக்கமும் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைக் கழற்றி, சக்கரம் மாட்டும் ஹப்பைக் கையால் ஆட்டிப் பார்த்தார். வலது பக்கம் வழுவழுவென்று போனது. இடது பக்கம் கீழ் பால் ஜாயின்ட்டின் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) ரப்பர் கிழிந்து உள்ளே மண், கொஞ்சம் சொரசொரப்பு. அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இவ்வளவு பிடிப்புக்கு அது காரணம் இல்லை என்றார். கடைசியாக ரேக்கில் இறங்கும் ஸ்டீரிங் ஷாஃப்டை, ரேக்கை நகர்த்தும் சிறு பல்சக்கரமான பினியனிலிருந்து பிரித்தார். ரேக் தனியாகச் சீராக நகர்ந்தது. மேலே ஸ்டீரிங் மட்டும் தனியாக, அதே இடத்தில் பிடித்தது. ரீகண்டிஷன் எஸ்டிமேட்டை அப்போதே கிழித்துப் போட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டிலும் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு ஸ்டீரிங்கை இஷ்டத்துக்குச் சுற்ற விடாதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீரிங்குக்குள் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு சுருள் இருக்கும். அளவுக்கு மேல் சுற்றினால் அறுந்துபோகும், ஏர்பேக் லைட் எரியும், ஹார்னும் போகலாம். சோதனைக்கு அண்ணன் முன்னும் பின்னும் ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை. மற்ற நேரமெல்லாம் சீட் பெல்ட்டை ஸ்டீரிங்கில் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்.

ஷாஃப்டை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாடியை 2 இஞ்ச் தூக்கினால் ஸ்டீரிங்கைத் தாங்கும் தண்டும் (காலம்) கூடவே மேலே போகும். ரேக் சேஸிஸில் இருப்பதால் அங்கேயே நிற்கும். நடுவில் ஷாஃப்ட் எட்டாது. லிஃப்ட் போட்டுக் கொடுத்த ஆள் அதை வெட்டி, நடுவில் ஒரு பைப் துண்டை வைத்து வெல்டு அடித்திருந்தார். மேலே கருப்பு பெயிண்ட். இதை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன்.

பிடிப்புக்குக் காரணமும் அதே வெல்டுதான். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் (சாய்ந்து நிற்கும் இரண்டு தண்டை இணைக்கும் மூட்டு) உண்டு. சாய்வாகச் சுற்றும் கிராஸ் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். மேலே உள்ளது செய்யும் கோணலைக் கீழே உள்ளது ஈடுகட்ட வேண்டும் என்றால் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவடு) கம்பெனி வைத்த வாட்டத்திலேயே நிற்க வேண்டும். எங்கள் வண்டிக்குக் கம்பெனி வைத்தது இரண்டும் ஒரே வாட்டம். வெல்டு அடித்தவர் அதைப் பார்க்கவே இல்லை, ஒன்றுக்கொன்று திருகி நின்றது. போதாததற்குப் பாடி உயர்ந்ததில் சாய்வும் அதிகமாகிவிட்டது, கீழ்க் கிராஸ் ஓடைத் தண்ணீரில் துருப்பிடித்து வெற்றிலைப் பாக்குவெட்டி மாதிரி கறகறவென்று மடங்கியது.

இனி என்ன செய்வது என்பதில் எனக்கு ஒரு சபலம். கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. நீளமாக, யோக் நேராக, ஒழுங்காக ஒன்று செய்துவிட்டால் வண்டி உயரமாகவே இருக்குமே என்று தூக்கிக்கொண்டு போனேன். லேத்காரர் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பம்பு செட்டு ஷாஃப்டுன்னா இன்னிக்கே பண்ணித் தரேங்க. ஸ்டீரிங்குக்கு நான் வெல்டு வெக்கமாட்டேன்." இந்தக் கதையில் ஷாஃப்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான், அவருக்கு என் மரியாதை.

ஆக, பாடி ஸ்பேசரை எடுத்துவிட்டு கம்பெனி ஷாஃப்ட் போடுவது என்று முடிவாயிற்று. ஷாஃப்ட் கவுண்டரில் கிடைக்கவில்லை, ஆர்டர் போட வேண்டும். ஆர்டருக்கு ஆர்.சி. நகல் கேட்டார் கவுண்டர் பையன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில் இருந்தது. அவருடைய கடன் முடிந்தும் ஹைப்பாத்திகேஷன் (ஆர்.சி.யில் உள்ள கடன் அடமானப் பதிவு) நீக்காமல் விட்டிருந்ததால், பேங்க் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் வராமல் பெயர் மாற்றம் நின்றுபோயிருந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியாயிற்று என்று காட்டினேன். "பேர் வேறயா இருக்குங்களே" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. பழைய ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதம் செல்லாதாம், ஒரிஜினல் வேண்டுமாம். 60 கிலோமீட்டர் வந்தவனை அப்படியே திருப்பி அனுப்பினார். வெல்டு வைத்த ஷாஃப்டை மாட்ட எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை, நல்ல ஷாஃப்ட் வாங்க இத்தனை. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கடன் ரத்தான ஆர்.சி.யைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

ஸ்பேசர் எடுப்பது ஒரு நாள் வேலை. போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கும், முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடித்து வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போக வேண்டும். லிஃப்ட் போல்ட் நீளமானது, இறக்கும்போது பழைய அளவு போல்ட் தனியாக வாங்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் கூடு, பம்பர் பிராக்கெட், எர்த் ஒயர் எல்லாம் லிஃப்டுக்காக நகர்த்தப்பட்டிருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ஃபேன் எதிலாவது உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

ஒருவழியாகப் புது ஷாஃப்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் புது பிஞ்ச் போல்ட், இடது பால் ஜாயின்ட். மாட்டியதும் அண்ணன் இன்ஜின் ஆஃபிலேயே ஒரு விரலால் ஸ்டீரிங்கைத் தள்ளிக் காட்டினார், எங்கேயும் பிடிக்கவில்லை. பிறகு அலைன்மென்ட். அங்கேயும் "எல்லாம் பச்சை சார்" என்று டோவை (இரண்டு சக்கரமும் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) மட்டும் திருகிவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். சஸ்பென்ஷன் தூக்கிய வண்டியில் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கும், ஸ்டீரிங் தானாகத் திரும்பாமல் போக அதுவும் ஒரு காரணம். பிரிண்ட் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் வண்டியில் சரிசெய்யும் எல்லைக்குள்தான் இருந்தது, நின்று சரிசெய்ய வைத்தேன்.

மீண்டும் வால்பாறை போய்வந்தாயிற்று, வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருகிறது. பாக்கி ஒன்று இருக்கிறது: பாடி இறங்கியதால் 285 டயர் முழுத் திருப்பத்தில் உள் மட்கார்டில் உரசுகிறது. 265/70-க்கு மாறலாம் என்று இருக்கிறேன், அதுவும் கம்பெனி அளவைவிடப் பெரியதுதான் என்று அண்ணன் இப்போதே முறைக்கிறார்.