இடது பக்கம் மட்டும் திரும்பும் கார்: வூக்கோவிச்சின் வண்டியைச் செய்து பார்த்த நான்கு மாதம்

ஜூன், முதல் ஞாயிறு

மேசையை ஒழித்து இடம் பண்ணியாயிற்று. இந்த முறை கிட் கிடையாது. பால்சா கட்டை, எம்-சீல், தகரத் துண்டு, ஏ.சி. மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய காப்பர் பைப், ஒரு டப்பா நிறைய தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில். 1:12 அளவில் செய்யப்போவது அமெரிக்க ஓட்டுநர் பில் வூக்கோவிச் ஓட்டிய இண்டியானாபொலிஸ் கார்.

இவர் பெயர் முதலில் கண்ணில் பட்டது ஃபார்முலா ஒன் பட்டியல் ஒன்றில். ஐந்து பந்தயம், இரண்டு வெற்றி. ஐரோப்பாப் பந்தயம் ஒன்றில்கூட இவர் பெயர் இல்லையே, இது எப்படி என்று தேடினேன். 1950 முதல் 1960 வரை, அமெரிக்காவின் 500 மைல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-ஐயும் உலக சாம்பியன் பட்டக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அங்கே ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டிப் போனதே இல்லை, ஐரோப்பாவிலிருந்து அங்கே போனவர்களும் சொற்பம். காகிதத்தில் மட்டும் ஒரே குடும்பம். சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையில் நம் பெயரும் அச்சாகியிருக்குமே, அதுபோல.

ஜூன் 15

அளவு எடுக்கும் வேலை. வரைபடம் கையில் இல்லாததால் பக்கவாட்டுப் புகைப்படங்களை அச்செடுத்து, சக்கரத்தின் விட்டத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். சக்கரம் ஒன்று என்றால் வண்டி நீளம் எத்தனை சக்கரம், மூக்கு எத்தனை, வால் எத்தனை என்று போகும் கணக்கு. பழைய வழிதான், நன்றாகவே வேலை செய்யும்.

எனக்குச் செய்யவில்லை. ஒரு படத்தில் முன்சக்கரத்தை அளந்திருக்கிறேன், இன்னொன்றில் பின்சக்கரத்தை. இந்த வண்டிகளில் பின்டயர் பெரியது. இரண்டையும் ஒன்றாகக் கலந்ததில், செதுக்கி முடித்த உடல் கப்பல் மாதிரி நீண்டு நிற்கிறது. ஒரு வாரக் கட்டை அடுப்புக்குப் போயிற்று.

ஜூன் 29

இரண்டாவது கட்டை. இப்போது வண்டியின் அமைப்பு கைக்குப் புரிகிறது. ஃபிராங்க் கர்ட்டிஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் கட்டிய கர்ட்டிஸ்-க்ராஃப்ட் 500ஏ இது. அதற்கு முந்தைய வண்டிகளில் எஞ்சின் நட்டநடுவே இருக்கும். அதிலிருந்து பின்னால் போகும் தண்டு ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் ஓடும். ஆகவே ஆள் உயரத்தில் உட்கார வேண்டும், குதிரைமேல் உட்காருவதுபோல. கர்ட்டிஸ் எஞ்சினைச் சாய்த்து இடப்பக்கம் தள்ளிவைத்தார். தண்டு ஓட்டுநரின் பக்கவாட்டில் ஓடியது, ஆள் வலப்பக்கம் தாழ உட்கார்ந்தார். எடை இடப்பக்கம் கூடியது. அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான். இண்டியானாபொலிஸில் சுற்று ஒன்றுக்கு 2.5 மைல், வளைவு நான்கு, நான்கும் இடப்பக்கம். வளைவில் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். முன்கூட்டியே இடப்பக்கம் கனமாக இருந்தால் நான்கு டயரும் ஓரளவு சமமாகப் பாரம் தாங்கும்.

என் கட்டையை நடுக்கோட்டில் பிளந்து எஞ்சின் குழியைத் தோண்டியபோதுதான் இதெல்லாம் உறைத்தது. படத்தில் பார்க்கும்போது சீரான சுருட்டு வடிவம். உள்ளே எல்லாமே ஒருபக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது.

“எதுக்குப்பா கோணலா வெட்டுறீங்க?” என்றாள் மகள்.

“வண்டியே கோணல்தாம்மா.”

ஜூலை 13

எஞ்சின். ஆஃபன்ஹவுசர் நான்கு சிலிண்டர், 270 கன அங்குலம், அதாவது 4.4 லிட்டர். ஆஃபி என்று செல்லமாக அழைப்பார்கள். இதன் பிளாக்கும் (சிலிண்டர் பகுதி) ஹெட்டும் (அதன் மேல்மூடி) ஒரே வார்ப்பு. நடுவே கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடே இல்லை, ஆகவே அது வெடித்துப் போகும் பயமும் இல்லை. நம்மூர் பைக் மெக்கானிக் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முதலில் பொறாமைப்படுவார். பிறகு, வால்வு வேலைக்கு எப்படிக் கை விடுவது என்று கேட்பார். நியாயமான கேள்வி.

எரிபொருள் மெத்தனால். கார்புரேட்டருக்குப் பதிலாக ஸ்டூ ஹில்போர்ன் வடிவமைத்த ஃபியூவல் இஞ்செக்ஷன். காரின் பெயரே ‘ஃபியூவல் இஞ்செக்ஷன் ஸ்பெஷல்’. அதன் நான்கு காற்றுப் புனல்களைச் செய்யத்தான் ரீஃபில். நுனியில் இருக்கும் பித்தளைக் கூம்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து மை போக்கி, அகன்ற வாயை மெல்லிய அரத்தால் தேய்த்தால் அச்சு அசல் குட்டிப் புனல். பதினொன்று வீணாகி நான்கு தேறின. விரல் நீலம் இன்னும் போகவில்லை.

சக்கரங்களை லேத் பட்டறை அண்ணனிடம் நைலான் தடியில் கடைந்து வாங்கினேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பெரியது என்று இந்த முறை தாளில் எழுதியே கொடுத்தேன். “தம்பி, பொம்மைக்கு இவ்வளவு அளவா” என்றபடி வெர்னியரை வைத்துக் காலே அரைக்கால் மில்லி பார்த்தவரும் அவர்தான்.

ஆகஸ்ட் 3

மழை. பெயிண்ட் அடிக்க முடியாது. உட்கார்ந்து காருக்கு அடித்தளம் யோசித்தேன்.

வெறும் பலகையில் நிறுத்துவதற்குப் பதில், இவருடைய இண்டியானாபொலிஸ் வாழ்க்கையையே கிராஃப் தாளில் போட்டுப் பக்கத்தில் ஒட்டினால் என்ன? ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம். முன்னணியில் ஓடிய சுற்றுக்குச் சிவப்பு. எந்தச் சுற்று என்று பார்க்காமல் எண்ணிக்கை மட்டும்.

1951: 29 சுற்று. எண்ணெய் கசிந்து முடிந்தது. சிவப்பு இல்லை.

1952: 191 சுற்று. சிவப்பு 150.

1953: 200 சுற்று. சிவப்பு 195.

1954: 200 சுற்று. சிவப்பு 90.

1955: 56 சுற்று. சிவப்பு 50.

கூட்டினால் 676 சுற்று, அதில் 485 சிவப்பு. நூற்றுக்கு 71-க்கு மேல். தாளில் எப்படி அடுக்கலாம் என்று வர்க்கமூலம் போட்டேன். 26. மிச்சமே இல்லாமல் 26-க்கு 26. சதுரமாக உட்கார்ந்துவிட்டது.

1952-இல் இவர் காரின் எண் 26. இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 10

கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். நிறைய நேரம் பிடிக்கும் வேலை, அதனால் நிறைய யோசிக்கவும் வைக்கிறது.

முதல் ஒரு வரிசையும் மூன்று கட்டமும் வெறும் வெள்ளை. அந்த 29 கட்டத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் இந்தத் தாளில் வராது. 1918 டிசம்பரில் பிறப்பு, செர்பியக் குடும்பம், ஃப்ரெஸ்னோ பக்கம் விவசாயம், பதின்ம வயதில் அப்பா இறந்ததும் வயல் வேலை. பிறகு மிட்ஜெட் எனும் குட்டிக் கார் பந்தயங்கள், கலிஃபோர்னியாவின் சிறு மைதானங்களில் இரவு இரவாக. 1950-இல் மிட்ஜெட் பிரிவின் தேசிய சாம்பியன். இண்டியானாபொலிஸில் முதல்முறை ஓடும்போது வயது 32. இன்றைய கணக்கில் ஓய்வு பற்றி யோசிக்கும் வயது.

அப்புறம் சிவப்பு. 1952-இல் ஹோவர்ட் கெக் என்ற முதலாளியின் இந்தப் புதுக் கார். ஜிம் டிராவர்ஸ், ஃபிராங்க் கூன் என்று இரண்டு கெட்டிக்கார மெக்கானிக்குகள். 150 சுற்று முன்னால் ஓடி, 192-ஆவது சுற்றில் ஸ்டியரிங் இணைப்பு விட்டுப்போயிற்று. வெளிச் சுவரில் உரசி வண்டியை நிறுத்தினார். 22 வயது ட்ராய் ரட்மன் ஜெயித்தார்.

அடுத்த வருடம் அதே கார், எண் 14. தகுதிச் சுற்றில் மணிக்கு 138.392 மைல், முதலிடம். பந்தய நாள் 1953 மே 30, வெயில் 90 பாரன்ஹீட்டுக்கு மேல். 32 டிகிரிதானே, நமக்கு அது மின்விசிறி இரண்டில் வைக்கும் நாள் என்று முதலில் நானும் சிரித்தேன். எஞ்சின் குழியைத் தோண்டியவன் என்ற முறையில் சிரிப்பை வாபஸ் வாங்குகிறேன். கால்மாட்டில் கொதிக்கும் ஆஃபி, பக்கத்தில் சுழலும் தண்டு, உடம்புக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகர இடமில்லை. 805 கிலோமீட்டர். அன்று பல ஓட்டுநர்கள் பாதியில் இறங்கி மாற்று ஆளை ஏற்றினார்கள். கார்ல் ஸ்கார்பரோ வண்டியை ஒப்படைத்துவிட்டு இறங்கியவர், வெப்பத்தால் சுருண்டு இறந்தே போனார். வூக்கோவிச் 3 மணி 53 நிமிடமும் தானே ஓட்டினார். 200-இல் 195 சுற்று முன்னணி. விட்டுக்கொடுத்த ஐந்தும் எரிபொருள் நிரப்ப ஓரத்தில் ஒதுங்கி நின்ற நேரத்தில் போனவை. ஜூலை மாத ஃப்ரெஸ்னோவில் டிராக்டர் ஓட்டிப் பார்த்தால் இது வெயிலே இல்லை என்கிற மாதிரி அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஜெயிக்கும் ரகசியம் கேட்டவர்களிடம், இடப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும் என்றாராம்.

1954-இல் 19-ஆவது இடத்திலிருந்து கிளம்பி மறுபடி ஜெயித்தார். சராசரி 130.840 மைல். என் தாளில் சிவப்பு உள்ள வருடங்களில் அதில்தான் சிவப்பு பாதிக்கும் குறைவு. வெறும் எண்ணைப் பார்த்தால் 1953-தான் பெரிது. எனக்கென்னவோ பின்னாலிருந்து ஒவ்வொருத்தராகத் தாண்டி வந்த இந்த 90 கட்டம்தான் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 24

கடைசி இரண்டு வரிசைக்குச் சற்று மேல். 56 கட்டம்.

1955-இல் கார் வேறு. லிண்ட்ஸி ஹாப்கின்ஸின் வண்டி, எண் 4, கர்ட்டிஸ் 500சி. டிராவர்ஸும் கூனும் கூடவே வந்தார்கள். ஆரம்பத்தில் ஜாக் மெக்ராத்தோடு மாறி மாறி முன்னணி. மெக்ராத் வண்டி நின்றபின் எதிரே ஆளில்லை. 57-ஆவது சுற்றில், இரண்டாம் வளைவு தாண்டிய நேர்பாதையில், ஒரு சுற்று பின்தங்கியிருந்த வண்டிகளுக்குள் குழப்பம். ரோட்ஜர் வார்டின் அச்சு முறிந்து வண்டி புரண்டது. அதைத் தவிர்க்க அல் கெல்லர் திருப்ப, அவர் ஜானி பாய்டை இடிக்க, பாய்டின் வண்டி வூக்கோவிச்சின் பாதையில் வந்து விழுந்தது. வூக்கோவிச்சின் வண்டி அதில் மோதி, வெளிச் சுவரைத் தாண்டிப் பறந்து, தலைகீழாக விழுந்து எரிந்தது. எட் எலிசியன் என்ற ஓட்டுநர் தன் பந்தயத்தை விட்டு வண்டியை நிறுத்தி ஓடிப் போனார். பயனில்லை. வூக்கோவிச்சுக்கு வயது 36. அந்தக் கார்களில் தலைக்கு மேல் பாதுகாப்பு வளையம் கிடையாது. இண்டியானாபொலிஸில் அது கட்டாயமானது 1959-இல்.

கடைசிக் கட்டத்தைத் தீட்டிவிட்டு ஸ்கெட்ச் பேனாவை மூடினேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட இடமே இல்லை. சதுரம் முடிந்துவிட்டது. அன்று வேறு வேலை ஓடவில்லை.

செப்டம்பர் 7

பெயிண்ட். நான் பார்த்த படங்களில் வெளிர் சாம்பல் உடல், சிவப்பு எழுத்து. பிரைமர் சரியாகக் காயும் முன்பே அவசரப்பட்டு ஸ்ப்ரே அடித்ததில் மூக்குப் பகுதி அப்பளம் பொரிந்ததுபோல் சுருங்கிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புட்டி பூசி, மறுபடி. இம்முறை மூன்று நாள் கையே வைக்கவில்லை.

செப்டம்பர் 21

சக்கரம் மாட்டியாயிற்று. ஸ்டியரிங் திருப்பினால் முன்சக்கரம் திரும்ப வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஆசை. சைக்கிள் போக்ஸ் கம்பியில் இணைப்பு, மூட்டுக்குக் குண்டூசி. நான்காவது முறை திருப்பியதும் குண்டூசித் தலை தெறித்து எங்கோ போயிற்று. இப்படியெல்லாம் நடக்கும்போது 1952-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. நினைத்தேன், இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன், பிறகு ஊக்கு ஒன்றை வெட்டிப் போட்டேன். ஊக்குக் கம்பி கெட்டி.

எண் எழுதும் வேலை மட்டும் பாக்கி. இதே வண்டிதான் 26, இதே வண்டிதான் 14. எல்லோரும் செய்வது 14.

“தோத்த வருசத்து நம்பரையா போடப்போறீங்க?” என்றாள் மகள்.

“ஆமா.”

“ஏன்?”

தாளைக் காட்டினேன். வரிசையை எண்ணினாள், பத்தியை எண்ணினாள். “சரி, போடுங்க” என்றாள்.

செப்டம்பர் 28

26 எழுதியாயிற்று. கோடு லேசாக நடுங்கியிருக்கிறது, பரவாயில்லை.

ஒரே ஒரு குறை. முன்சக்கரம் இடப்பக்கம் அழகாகத் திரும்புகிறது. வலப்பக்கம் திருப்பினால் பாதியிலேயே சட்டத்தில் இடித்து நின்றுவிடுகிறது. ஊக்கைக் கழற்றி அரை மில்லி தேய்த்தால் சரியாகிவிடும். அப்படியே விட்டுவிட்டேன்.