சோக்குப் பேணியில் இருந்த ஊர்

எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த சேர் சோக்குகளை ஒரு பழைய பிஸ்கட் பேணியில்தான் வைத்திருப்பார். மூலைகளில் பெயின்ட் உரிந்து துரு தெரியும், மூடி இறுகிவிட்டால் சைக்கிள் திறப்பால் நெம்பித் திறப்பார். அதில் 'ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ்' என்பதற்குக் கீழே இருந்த சொல்லை நாங்கள் எல்லோரும் 'ரீடிங்' என்றே வாசித்தோம். பிஸ்கட்டுக்கும் வாசிப்புக்கும் என்ன சேர் சம்பந்தம் என்று ஒருவன் எழும்பிக் கேட்டான். அது இங்கிலாந்தில் ஓர் ஊர், 'ரெடிங்' என்று சொல்ல வேண்டும் என்றவர், அன்றைய பாடத்தை அப்படியே விட்டுவிட்டு ஜோர்ஜ் பாமரின் கதையைத் தொடங்கிவிட்டார்.

பாமர் 1818இல் சமர்செட்டில் குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குவேக்கர் என்பது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத ஒரு கிறிஸ்தவப் பிரிவு. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பட்டமெல்லாம் கிடையாது. 1828இல் சட்டம் மாறும்வரை நகரசபைப் பதவிகளுக்கும் தடை இருந்தது. அதனால் தொழில்தான் வழி. மாமாவிடம் மா அரைக்கவும் இனிப்புப் பண்டம் செய்யவும் பழகி, 1841இல் ரெடிங்குக்கு வந்து தோமஸ் ஹன்ட்லியின் சின்னக் கடையில் பங்காளியானார். அந்தக் கடை லண்டன் வீதியில், குதிரை வண்டிகள் நிற்கிற சத்திரத்துக்கு எதிரே இருந்தது. பாமர் வரும் முன்பே அங்கே கூடையில் பிஸ்கட் கொண்டுபோய்ப் பயணிகளுக்கு விற்பார்களாம், பேணியில் அடைத்து விற்பதும் அந்தக் கடையிலேயே தொடங்கியதுதான். பாமர் இயந்திரங்களைக் கொண்டுவந்தார், 1846இல் தொழிற்சாலை திறந்தார், 1857இல் அந்த ஊரின் மேயரானார்.

"போறணைச் சூடு பட்ட கை" என்று சொல்லி சேர் தன் கையை உயர்த்திக் காட்டினார். எங்கள் வகுப்பில் பாண் பேக்கரிக்காரரின் மகன் ஒருவன் இருந்தான். விடிய மூன்று மணிக்கே எழும்பி அப்பாவுக்கு உதவிவிட்டு வருவான், பின் வாங்கில் பாதி நித்திரையில்தான் இருப்பான். அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து இருந்து கடைசிவரை கேட்டான். சேர் யாருக்காக அந்தக் கதையைச் சொன்னார் என்று எனக்கு விளங்க நிறைய வருடம் எடுத்தது.

இப்போது நான் ரெடிங்கில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் சைக்கிள் பழகியது பாமர் ஊருக்குக் கொடுத்த பூங்காவில். அங்கே அவருடைய சிலையும் இருக்கிறது. 1891இல் கடைத்தெருவில் வைத்த சிலையை 1930இல் இங்கே மாற்றினார்கள். வாளும் இல்லை, குதிரையும் இல்லை, கையில் தொப்பியும் குடையும். மழைக்குப் பயந்து வெளிக்கிட்ட ஒரு கடைக்காரர் மாதிரியே நிற்கிறார், எனக்கு அது மிகவும் பிடிக்கும். 1900 அளவில் 5,000க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்த அந்தத் தொழிற்சாலையில் பிஸ்கட் செய்வது 1976இல் நின்றுவிட்டது.

ஊர் அருங்காட்சியகத்தில் பேணிகள் நிறைய வைத்திருக்கிறார்கள். ஒருநாள் முழுக்கத் தேடியும் சேரின் பேணி மாதிரி ஒன்று கண்ணில் படவில்லை. அது என்ன நிறம் என்பதிலேயே எனக்கும் அந்தப் பேக்கரி நண்பனுக்கும் வழக்கு, அவன் பச்சை என்கிறான், நான் நீலம் என்கிறேன். அந்த வகுப்பில் இருந்த யாராவது இதை வாசித்தால் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.