பழைய வண்டியின் பிரேக் பைப்: துரு ஒளிந்திருக்கும் இடம்

தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் பதினைந்து வருடம் ஓடிய மாருதி 800-ஐ ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால், பிரேக் ஆயில் ஓடும் மெல்லிய குழாயான பிரேக் பைப் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அதை வண்டியின் அடியில் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றினால்தான் சங்கதி தெரியும். கிளிப்புக்குள் சேறும் உப்பும் தங்கி ஈரம் காயாமலே கிடப்பதால், மேல்பூச்சு முதலில் போவது அங்கேதான். அடுத்தது பின் அச்சை ஒட்டிப் போகும் பைப். சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் அதன்மேல்தான். ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டும்போது துரு செதில் செதிலாகப் பெயர்ந்து அடியில் குழி தெரிந்தால், அந்தப் பைப் முடிந்தது. பதறி மிதிக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் 100 பாரைத் தொடலாம். தினமும் தாங்கிய பைப் வெடிப்பது அந்த மிதியில்தான்.

ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி, நடுவில் கம்ப்ரஷன் ஜாயின்ட் (பைப்பை வளையத்தால் நெருக்கிப் பிடிக்கும் இணைப்பு) போட்டு வண்டியை அனுப்புவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. அது இந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. பக்கத்துப் பைப்புக்கும் அதே வயசுதான். ஜாயின்ட் முதல் ஜாயின்ட் வரை முழுசாக மாற்ற வேண்டும்.

பைப்பின் வெளி விட்டம் 4.76 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். ஏசி வேலைக்கு வரும் வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அதிர்வில் இறுகி, பிளேர் (நட்டுக்குள் உட்கார விரித்த பைப் வாய்) ஓரத்தில் கீறல் விடும். பூச்சுள்ள ஸ்டீல் பைப் போடலாம். கடலோர வண்டிக்குச் சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த செம்புக் குழாய் இன்னும் நல்லது.

கழற்றும் முன், பெடலை ஓரிரு அங்குலம் கீழே அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் டேங்கிலிருந்து வரும் சிறு துளை அடைபடும். டேங்க் முழுக்கக் காலியாகாது. நட்டுக்கெல்லாம் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். சாதாரண 10 எண் ஓப்பன் ஸ்பேனர் முனைகளைத் தின்றுவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். நட்டோடு பைப்பும் சேர்ந்து சுற்றினால் மல்லுக்கட்டாமல் பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுமுனை சாக்கெட் போட்டுத் திருப்புங்கள். ரப்பர் ஹோஸ் பக்கம் ஹோஸை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

பழைய பைப்பை எறியாதீர்கள், அளவும் வளைவும் அதில்தான் இருக்கின்றன. புதியதை ரம்பத்தால் அறுக்காமல் பைப் கட்டரால் வெட்டி, உள் பிசிறை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிளேர் அடிக்கும் முன் நட்டை மாட்ட மறந்தால் திரும்ப வெட்ட வேண்டியதுதான். இந்த வண்டிக்கு வேண்டியது இரட்டை மடிப்பு பிளேர். ஒற்றை மடிப்பு விளிம்பில் பிளக்கும். அடித்த பிளேரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ முடி அளவு கீறல் தெரிந்தாலோ வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். நட்டை அதிகமாக இறுக்கிக் கசிவை நிறுத்த முயன்றால் பிளேர்தான் நசுங்கும்.

மரையிலும் கவனம் தேவை. இங்கே இருப்பது 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி மரை. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளின் 3/8 அங்குல நட்டும் அந்தத் துளைக்குள் கையாலேயே ஏறிவிடும், இறுக்கும்போது உரிந்துவிடும்.

மாட்டி முடித்ததும் பைப் சைலன்சரில் படாமல் இருக்கிறதா, எல்லாக் கிளிப்பிலும் பிடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஏர் எடுக்க, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, புது டின் டாட் 3 பிரேக் ஆயில், ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். "மிதி… பிடி" என்றதும் உதவியாள் பெடலை அழுத்திப் பிடிக்க, சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, குமிழி போனதும் மூட வேண்டும். மூடிய பிறகே "விடு". பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் (ஆயிலைத் தள்ளும் ரப்பர் அடைப்பு) வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும். பெடல் தரைவரை போனால் கப் அங்கே உரசிக் கிழியும். பைப் மாற்றின மறுநாளே பெடல் மெல்ல இறங்குகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரப்புள்ளியாக விழும்.