ஒன்றாம் நம்பர் பேருந்தில் கிடைத்த போன்

நவம்பர் 12, 2025, புதன்

திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். சத்திரத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தால், இருக்கைக்கும் பக்கவாட்டுத் தகரத்துக்கும் நடுவே ஒரு போன் செருகிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். முன்சீட்டில் கேட்டேன். யாருடையதும் இல்லை. அதற்குள் பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறிவிட்டது.

கண்டக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "டெப்போல ஒப்படைச்சிடுவேன்மா. ஆனா டூட்டி முடிய ராத்திரி ஆயிடும். நடுவுல அடிச்சா இந்தச் சத்தத்துல எனக்குக் கேக்காது. நீங்களே வெச்சிருந்து, கூப்பிட்டா பேசிக் குடுத்துடுங்க. யாராச்சும் தேடி வந்தா உங்க நம்பரைச் சொல்றேன்." என் நம்பரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

சார்ஜ் 7 சதவீதம்தான் இருந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். அவன் முதலில் செய்த காரியம், பேசுவதற்கு முன்பே சார்ஜரைச் செருகியதுதான். "அணைய விட்றாதீங்கக்கா. அணைஞ்சு திரும்ப ஆன் ஆனா, லாக்கை ஒரு தடவை எடுக்குற வரைக்கும் உள்ள இருக்குற பேரெல்லாம் பூட்டித்தான் இருக்கும். கால் வந்தா வெறும் நம்பர்தான் தெரியும், அம்மா, அப்பான்னு பேர் வராது." இது எனக்குப் புதிய செய்தி. பத்திரமாக இருக்கட்டும் என்று அணைத்து வைக்கிறவர்கள் உண்டே, அவர்களுக்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

பூட்டிய திரையிலேயே 'அவசர அழைப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், உரிமையாளர் பதிந்து வைத்திருந்தால், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற விவரம் வரும். இந்த போனில் அது காலியாக இருந்தது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தம்பி தலையாட்டினான். இப்போதெல்லாம் சிம்மில் யாரும் பெயர் சேமிப்பதில்லையாம். அதோடு, அடுத்தவர் சிம் நம் போனில் ஏறினால் அவருடைய பேங்க் ஓடிபி நம்மிடம்தான் வரும். அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

அக்கா மகன் போனைப் படம் எடுத்து ஸ்ரீரங்கம் வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்றான். வேண்டாம் என்றேன். படத்தைப் பார்த்துவிட்டால் எவரும் 'நீலக் கவர், மூலையில் கீறல்' என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

8.40க்கு போன் அடித்தது. திரையில் 'அண்ணன்'.

எடுத்து, பேருந்தில் கிடைத்ததைச் சொன்னேன். "ரொம்ப நன்றிக்கா, தங்கச்சி போன் அது" என்றார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், களைத்த குரல். நாளைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேட்டார்: "லாக் போட்டிருக்காக்கா? இதுக்கு முன்னாடி யாராச்சும் கூப்பிட்டாங்களா? என்ன பேர் வந்துச்சு?"

தொலைந்த பொருளைத் தேடுகிறவர் கேட்கிற கேள்வி போல அது இல்லை. தங்கையிடம் கொடுங்கள், ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றேன். "அவ தூங்கிட்டா" என்றார். மணி அப்போது 8.45. என் நம்பரைச் சொல்லி, நாளை அவரையே பேசச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

விடிகாலை 4.40க்கு அலாரம். என்னுடையது இல்லை, மேசையில் சார்ஜில் கிடந்த அந்தப் போன். திரையில் 'எழு. படி.' என்று இரண்டே சொல். அம்மாவும் எழுந்துவிட்டார். ஐப்பசி முடிய இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, இந்தச் சத்தத்தில் எழுந்ததுக்கு அம்மாமண்டபத்தில் காவிரியில் ஒரு முழுக்குப் போட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'அண்ணனின் தங்கச்சி' என்று மட்டும் தெரிந்திருந்த ஒருத்தி, அதிலிருந்து எனக்கு ஆளாகத் தெரிய ஆரம்பித்தாள்.

நான் கன்டோன்மென்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மதியம் சீனியர் சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைச் சொன்னார். பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள அதே கடமை உண்டு. பிரிவு 71. தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனமாக வைத்திருக்க வேண்டும். யாருடையது என்று தெரிந்தும், அல்லது தேடிப் பார்க்காமலேயே தனக்கென்று எடுத்துக்கொண்டால், அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 403, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314.

"அண்ணன்கிட்ட குடுக்கலாமா சார்?"

"உரியவர் கைல குடுக்கணும். அண்ணன் உரியவர் இல்லம்மா, அந்தப் பொண்ணு சொன்னா ஒழிய. உனக்குச் சிரமமா இருந்தா ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்கிடு. அதுல ஒண்ணும் தப்பில்ல."

ஸ்டேஷனில் கொடுத்துவிடுவது என்றுதான் அப்போது முடிவு செய்தேன். சீனியரே சொல்லிவிட்டார், அதற்கு மேல் நான் யார் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு ஒரு அழைப்பு. 'ம' என்ற ஒற்றை எழுத்து. எடுத்து "ஹலோ" என்றதும் மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது, உடனே துண்டித்தார்கள். எடுத்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு மணிக்கு மறுபடி அண்ணன். இந்த முறை அக்கா இல்லை, மேடம். "போன் நான் வாங்கிக் குடுத்தது மேடம். பில்லு என் பேர்ல, சிம்மு என் பேர்ல. எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க."

"தங்கச்சியோட வாங்க தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க. அவ கைல குடுத்துடுறேன்."

"அவ எதுக்கு? யார் யார் கூப்பிட்டாங்கன்னு அதையாச்சும் சொல்லுங்க."

"அதைச் சொல்றது என் வேலை இல்ல தம்பி."

பில்லை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன், சிம்மை நிறுத்திவிடுவேன் என்று சத்தம் போட்டார். ஒன்பது மணிக்குப் பார்த்தபோது திரையின் மேலே சிக்னல் கோடுகள் இல்லை. நிறுத்தியே விட்டார்.

பில் என்று அவர் சொன்ன இடத்தில்தான் என் முடிவு மாறியது. ஸ்டேஷனில் நான் கொடுத்தால், பில்லோடு வருகிறவரிடம்தான் அவர்கள் கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, காகிதத்தைப் பார்த்துத்தானே கொடுக்க முடியும்? என் கையால் அண்ணனிடம் கொடுப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்குப் பத்தொன்பது வயதில் தோழி ஒருத்தி விடுதியிலிருந்து இன்லேண்ட் லெட்டர் எழுதியிருந்தாள். சித்தப்பா அதைப் பிரித்துக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். விடுதிச் சாப்பாடு, அறைத்தோழியின் குறட்டை, எனக்கு வர வேண்டிய கைக்குட்டை, அவ்வளவுதான் அதில் இருந்தது. மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவளுக்கு எழுதவே கை கூசியது. அந்தச் சிநேகிதம் அப்படியே நின்றுபோனது. ஒரு கடிதத்துக்கே அப்படி என்றால், ஒரு பெண்ணின் போனுக்குள் எத்தனை கடிதம் இருக்கும்!

நவம்பர் 14, வெள்ளி

4.40. எழு. படி. சிம் செத்தாலும் அலாரம் அடிக்கிறது.

இனி யாரும் கூப்பிட முடியாது. என் நம்பர் அண்ணனிடமும் கண்டக்டரிடமும் இருக்கிறது, இருவரிடமிருந்தும் ஒன்றும் இல்லை. சர்வீஸ் கடைத் தம்பி இன்னொரு விஷயமும் சொல்லியிருந்தான். போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிந்தால், போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையே முடக்கிவிடலாம். அதன் பிறகு எந்த சிம்மைப் போட்டாலும் நம் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் போய்த்தான் விடுவிக்க வேண்டும். போன் தொலைத்த எவருக்கும் அது நல்ல வசதி. ஆனால் அண்ணன் அதுவரை போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் சிக்கல்.

மீதி இருந்தது பின்கவர். அதைக் கழற்றலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். உள்ளே எதையும் பார்க்க மாட்டேன் என்று இருந்துவிட்டு, இது மட்டும் எப்படிச் சரி? கடைசியில் இப்படித் தேற்றிக்கொண்டேன்: தெருவில் கிடக்கும் பர்ஸைத் திறந்து முகவரி இருக்கிறதா என்று பார்ப்போம், உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க மாட்டோம். கழற்றினேன். மடித்த இருபது ரூபாய் நோட்டு, சமயபுரத்தாள் படம், ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இரட்டை ஜடை போட வேண்டிய முகம், ஒற்றை ஜடையில் பெரிய மனுஷியாக முறைத்துப் பார்த்தது. அப்புறம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றின் நவம்பர் மாத ஃபீஸ் ரசீது. இடம் சத்திரத்துக்குப் பக்கம்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ் ஹையரும் இங்கிலீஷ் லோயரும் முடித்துத்தான் நானே இந்த வேலைக்கு வந்தேன். விரல் நுனி வலிக்க வலிக்க அடித்த மெஷின், ரிப்பன் மை அப்பிய சுண்டுவிரல் எல்லாம் நினைவுக்கு வந்தன. பிப்ரவரியில் அரசுத் தேர்வு வரும். அந்த 4.40 எதற்கு என்று புரிந்தது. டைப்பிஸ்ட் வேலைக்குக் குரூப் 4 எழுதவும் படிக்கிறாள் போல.

மாலையில் அந்த இன்ஸ்டிட்யூட்டின் மாடிப்படி ஏறினேன். போனை எடுத்துப் போகவில்லை. அங்கே சொல்லிக்கொடுக்கும் மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி, ரசீதில் இருந்த பெயரைக் காட்டி, என்னோடு பேசச் சொல்லுங்கள், வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மேடம் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு நாளா கீபோர்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னிக்கு வரல, நாளைக்கு வருவா. நான் சொல்றேன்" என்றார்.

என் போனில் அவசரத் தகவலைப் பதிந்துவைத்தேன். அம்மா பெயரைப் போட்டுவிட்டு அழித்தேன். கீழே விழுந்துகிடக்கிறேன் என்று யாரோ சொன்னால் அம்மா பதறிவிடுவார். அக்கா பெயரைப் போட்டேன்.

நவம்பர் 15, சனி

ஐந்தரைக்கு மேடத்தின் போனிலிருந்து அவள் பேசினாள். "அக்கா... உங்ககிட்டதான் இருக்காக்கா?" என் நம்பரை அண்ணன் அவளிடம் தரவே இல்லையாம். பேருந்தில் தொலைந்தது, அதோடு போச்சு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஆறே முக்காலுக்கு இன்ஸ்டிட்யூட் படியடியில் ஒரு தோழியோடு நின்றிருந்தாள். போட்டோவில் பார்த்த அதே முறைப்பு, அழுது முடித்த கண்கள். என்ன அடையாளம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். தேவைப்படவில்லை. வாங்கியதும் கட்டைவிரல் தானாக ஒரு கோடு இழுத்தது, திறந்துகொண்டது. திறந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணன் கேட்டாங்களாக்கா?"

"கேட்டாரும்மா. உன் கைலதான் குடுப்பேன்னு சொல்லிட்டேன். நாலு மணிக்கு ஒரு கால் வந்துச்சு, நான் எடுத்துட்டேன். அது தப்புதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அண்ணன் நல்லவங்கதான்க்கா. மார்க்கெட்ல லோடு இறக்குறாங்க. இந்தப் போனுக்கு இன்னும் நாலு தவணை கட்டணும்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. மூட்டை சுமந்து தவணை கட்டுகிற ஒருவரை இரண்டு நாளாக நான் ஒரு சந்தேகத்தோடு மட்டுமே நினைத்திருக்கிறேன். கொடுக்காதது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் களைத்த குரலை இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருக்கலாம்.

ஆதார் அட்டையோடு போய் உன் பேரிலேயே ஒரு சிம் வாங்கிக்கொள் என்றேன். தலையாட்டினாள். பிறகு அவளே கேட்டாள்: "உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? எனக்குக் கிடைச்சிருச்சுன்னு அண்ணன்கிட்ட நானே சொல்லிடுறேன்."

நம்பரை மனப்பாடமாக அடித்தாள். தோழி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான்தான். போன் கிடைச்சிருச்சு. நானே வாங்கிட்டேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. சத்திரத்துப் பேருந்துகளின் ஹாரன்தான் கேட்டது. அப்புறம் அந்தக் குரல், எனக்கும் கேட்கிற அளவுக்கு:

"சரி. இருட்டிப்போச்சு. பாத்து வா."

என் போனைத் துடைத்துத் திருப்பித் தந்தாள். இருவரும் பேருந்து நிற்கிற பக்கம் நடந்தார்கள். போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே போனாள்.