உப்பு எங்கே போகிறது?

சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுகலை படிக்கிறேன் என்று சொன்னால், உறவினர்களில் பாதிப் பேர் மரம் நடுவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். மீதிப் பேர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் படிப்பில் இடம் உண்டு என்றாலும், இதுவரை என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது உப்புதான். கொங்கு வட்டாரத்தில் இருந்துகொண்டு இந்தப் படிப்பைப் படிக்கும் எவரும் நொய்யலையும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் தாண்டிப் போக முடியாது.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு நொய்யல். பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் அதன் கரைகளில் பெருகின. பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயம் துணியில் நன்றாக ஏற வேண்டுமானால், சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ லிட்டருக்குப் பல பத்து கிராம் என்ற அளவில் கலக்க வேண்டும். அந்த உப்பு, சாயம் நூலிழையில் சேர்வதற்கு உதவிவிட்டு, கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. கழிவுநீரில் உள்ள கரிமப் பொருட்களை நுண்ணுயிரிகள் தின்றுவிடும், நிறத்தைக்கூட வேதிப்பொருள் போட்டு நீக்கிவிடலாம். ஆனால் கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரியும் தின்பதில்லை. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்தும், பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறி, சுற்றியுள்ள கிணறுகளையும் உப்பாக்கியது. இந்த அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

இதையெல்லாம் வகுப்பில் கேட்பதைவிட ஆய்வகத்தில் பார்ப்பது தெளிவு. கிணற்று நீரில் உப்பின் கூறான குளோரைடு எவ்வளவு என்று அறிய, மாதிரியில் பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். அளவுக் கோடுகள் கொண்ட பியூரெட் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளோரைடு முழுவதும் வெள்ளையாக வீழ்படிந்த பிறகு, அடுத்த ஓரிரு சொட்டுகளில் செங்கல் நிறம் தட்டி நின்றுவிடும். நல்ல தண்ணீருக்கு ஓரிரு மில்லிலிட்டரில் முடிகிற சோதனை, உப்பேறிய கிணற்று நீருக்கு முடிவதாகவே தெரியாது; மாதிரியை நீர்க்கச் செய்துதான் அளந்தாக வேண்டும்.

அதே மேசையில் செய்யும் இன்னொரு சோதனை வேதியியல் ஆக்சிஜன் தேவையை, அதாவது நீரில் உள்ள கரிம மாசை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை, அளப்பது. பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் சூடாக்க வேண்டும். மாதிரியில் உள்ள குளோரைடு விடையைக் கெடுத்துவிடும் என்பதால், அதை அடக்கப் பாதரச சல்பேட்டும் போட வேண்டும். எனவே மாசை அளக்கும் நாமே, சோதனை முடிந்ததும் குரோமியமும் பாதரசமும் கலந்த நச்சுக் கழிவு ஒன்றை உண்டாக்கி, தனிப் புட்டியில் மூடிவைக்கிறோம். உப்பு அதிகமான மாதிரி என்றால் பாதரசமும் அதிகம். இதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு அது முழுப் பாடத்திட்டத்துக்குமான முன்னுரையாகவே படுகிறது.

சட்டத்தாளுக்கு 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், போபால் விபத்துக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்று வரிசையாகப் படிக்கிறோம். மனப்பாடம் செய்து எழுதிவிடக்கூடிய பகுதி அது. மனப்பாடத்துக்கு அடங்காதது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய அந்த வழக்கில்தான், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்பதும் முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிமன்றம் சொன்னது. நொய்யல் வழக்கு அதன் தொடர்ச்சி. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள் நிறைவேறாமல் போகவே, 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடாத ஏற்பாட்டைச் செய்த பிறகே அவற்றைத் திறக்க முடிந்தது.

அந்த ஏற்பாட்டைத்தான் கழிவுநீர் வெளியேற்றமில்லா முறை என்கிறோம். நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யும் உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த நீரை, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்தினால் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பச் சாயத்தொட்டிக்கே போகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். அதில் தூயதாகக் கிடைக்கும் பகுதி மீண்டும் சாயமேற்ற உதவும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. மழையில் நனைந்தால் மீண்டும் ஆற்றுக்கே போகக்கூடியது என்பதால் கூரையும் நீர் கசியாத தரையும் அதற்குக் கட்டாயம். தண்ணீரை ஆவியாக்க வெப்பமோ மின்சாரமோ ஏராளமாக வேண்டும். நீராவிக்குப் பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு.

ஆறு காப்பாற்றப்பட வேண்டியது. அதில் எனக்கு ஐயமே இல்லை, பட்டறைகளை மூடிய உத்தரவும் சரி என்றே கருதுகிறேன். ஆனால் மேலாண்மை படிப்பவர் அடுத்த கேள்விக்குப் போயாக வேண்டும்: ஆற்றைக் காப்பாற்ற எரியும் விறகு யார் கணக்கில் வருகிறது? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு, அங்கே பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளைக் கணக்கிட்டுக் காட்டும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்பதால் சிறு நிறுவனங்களும் இத்தகைய கணக்குகளை வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யம் என்று வரும். விறகு எரிவதால் வரும் கரியமில வாயுவோ, உயிர்மப் பொருளிலிருந்து வந்தது என்ற காரணத்தால், நிறுவனங்கள் வாயு வெளியேற்றத்தைக் கணக்கிடப் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறையின்படி, அதன் மூன்று கணக்குப் பிரிவுகளுக்கும் (ஸ்கோப் 1, 2, 3) வெளியே தனி வரியில் எழுதப்படும். வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இதற்கான நியாயம். வளர்கிறதா என்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? அறிக்கை எழுதுபவர் பார்ப்பதில்லை. அவருடைய அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

என் ஆய்வேட்டுக்கு இதையே எடுத்திருக்கிறேன். விறகு எந்த ஊரிலிருந்து வருகிறது, சீமைக்கருவேலமா சவுக்கா, தோட்டத்தில் வளர்த்ததா ஏரிப்புறம்போக்கில் வெட்டியதா, ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ எரிகிறது என்பவை கேள்விகள். சேர நினைத்து எனக்கு எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: இளங்கலையில் வேதியியலையும் புள்ளியியலையும் ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள், சட்டத்தை இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம். விறகு ரசீதுகளைக் காட்ட ஒரு பட்டறைக்காரர் சம்மதித்திருக்கிறார். கலப்பு உப்புக் கொட்டகையின் பதிவேட்டைக் காட்ட இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை.