139 கிரெடிட்

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேந்து இன்னும் மூணு வாரம்கூட ஆகல. எப்படி இருக்கீங்கன்னுகூட கேக்கல, எடுத்ததுமே "அக்கா, அலைடுன்னா என்ன, பார்ட் ஃபோர்னா என்ன, டைம்டேபிள்ல என்னென்னமோ போட்டிருக்கு, பக்கத்துல உக்காந்திருக்கறவ சொல்றா மேஜர் மட்டும் ஒழுங்கா படிச்சா போதும், மத்ததெல்லாம் சும்மா எழுதிட்டு வந்தா போதும்னு, நெஜமாவா?"ன்னு மூச்சு விடாம கேட்டா. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்துக்குள்ள ஏதோ பிசையற மாதிரியும் இருந்துச்சு. இதெல்லாம் புரியாமத்தான் நான் ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டேன்.

நான் 2014ல ஒரு எய்டட் காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் சேந்தேன். அட்டானமஸ் காலேஜ், அதாவது சிலபஸ், எக்ஸாம் எல்லாம் காலேஜே பாத்துக்கும். எங்க வீட்ல அதுக்கு முன்னாடி யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. 2017 மே மாசம் ரிசல்ட் வந்துச்சு, மேஜர்ல 78 சதவீதம், ஒரு அரியர் கிடையாது, எம்.எஸ்சி. அப்ளிகேஷன் எல்லாம் வாங்கி ரெடியா வச்சிருந்தேன். ப்ரொவிஷனலும் (டிகிரி கைக்கு வர்ற வரைக்கும் வச்சுக்கற சர்டிபிகேட்) கன்சாலிடேட்டட் மார்க் ஸ்டேட்மென்டும் வாங்கறதுக்கு அப்பா ரைஸ் மில்லுல அரை நாள் லீவு சொல்லிட்டு கூடவே வந்தார். வர்ற வழியில பஸ் ஸ்டாண்டுல ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கினார், ட்ரான்ஸ்பரன்ட்டா இருக்கும்ல அது, சர்டிபிகேட் மடங்கிடக் கூடாதாம்.

எக்ஸாம் ஆபீஸ் ஜன்னல்ல எனக்கு முன்னாடி நாலு பேர். என் முறை வந்ததும் உள்ள இருந்த அண்ணன் ரெஜிஸ்டர் நம்பரை தட்டினார், ஸ்க்ரீனைப் பாத்தார், மறுபடியும் தட்டினார். அப்புறம் தலையத் தூக்காமலே "139தாம்மா இருக்கு"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. "139ன்னா நல்லதுதானண்ணே?"ன்னு கேட்டேன், சத்தியமா அப்படித்தான் கேட்டேன். பின்னாடி நின்ன பையன் சிரிச்சுட்டான். "140 வேணும்மா. உனக்கு பார்ட் ஃபைவ் விழல."

அப்பா வாங்கின ஃபைல்ல என் ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸ் மட்டும் வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். பஸ்ல அப்பா ஒரே ஒரு தடவதான் கேட்டார், "ஒரு மார்க்தானம்மா, கேட்டா போட மாட்டாங்களா"ன்னு. மார்க்குக்கும் கிரெடிட்டுக்கும் என்ன வித்தியாசம்னு அவருக்கு சொல்ல எனக்கே அப்ப தெரியாது. ஒரு பேப்பரை முடிச்சா அதுக்குன்னு கிடைக்கற புள்ளிதான் கிரெடிட், மார்க் கூடினாலும் அது கூடாது.

சரி, இந்த பார்ட் கதையை சொல்லிடறேன், ஏன்னா புதுசா சேர்ற பிள்ளைங்க முக்கால்வாசி பேருக்கு மூணாவது வருஷம் வரைக்கும் இது புரியறதில்ல. நம்ம ஊர் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் டிகிரி அஞ்சு பார்ட்டா இருக்கும். ஒண்ணு தமிழ், இல்லைன்னா ஹிந்தி பிரெஞ்சு மாதிரி வேற மொழி. ரெண்டு இங்கிலீஷ். மூணாவதுதான் மேஜர், அதுக்குள்ள கோர் பேப்பர், அலைடு, எலெக்டிவ், லேப், ப்ராஜெக்ட் எல்லாம் அடங்கும். அலைடுன்னா பக்கத்து டிபார்ட்மென்ட் பாடம், எங்களுக்கு மேத்ஸும் கெமிஸ்ட்ரியும். நாலாவதுல என்.எம்.ஈ., அதாவது நம்ம டிபார்ட்மென்ட் இல்லாம வேற டிபார்ட்மென்ட்ல போய் படிக்கற பேப்பர், அப்புறம் ஸ்கில் பேப்பர், ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் பாடம்), வேல்யூ எஜுகேஷன். அஞ்சாவதுக்கு புக்கே கிடையாது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஸ்போர்ட்ஸ், யூத் ரெட் கிராஸ்னு ஏதாவது ஒண்ணுல ஒழுங்கா வந்துட்டுப் போனா ஒரு கிரெடிட். எல்லாம் சேத்து 140.

இப்ப பக்கத்து சீட் பொண்ணு சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதுதான் ஆபத்தே. ஃபர்ஸ்ட் கிளாஸா இல்லையா, ரேங்க் யாருக்கு, எல்லாமே பார்ட் த்ரீ மார்க்கை வச்சுத்தான். 60க்கு மேல இருந்தா ஃபர்ஸ்ட் கிளாஸ். ஈ.வி.எஸ்.ல நீங்க 95 எடுத்தாலும் 41 எடுத்தாலும் கிளாஸ்ல ஒரு மாத்தமும் வராது. அதனால எல்லாரும் மேஜர் மேஜர்னு ஓடறாங்க. ஆனா அந்த ரெண்டு கிரெடிட் ஈ.வி.எஸ். க்ளியர் ஆகலைன்னா நீங்க மேஜர்ல கோல்டு மெடல் வாங்குற ஆளா இருந்தாலும் டிகிரி கிடையாது. கிளாஸ் குடுக்கறது பார்ட் த்ரீ, டிகிரி குடுக்கறது அஞ்சு பார்ட்டும் சேந்து. இதை ஃபர்ஸ்ட் இயர்லயே யாராவது ஒருத்தர் என்கிட்ட சொல்லியிருந்தா போதும். (ஈ.வி.எஸ்.ஸும் யாரோ ஒப்புக்கு சேத்த பேப்பர் இல்ல, 1991ல எம்.சி. மேத்தா போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சுற்றுச்சூழலைப் பாடமா நடத்தணும்னு சொன்னதுல ஆரம்பிச்சது. நாங்க அந்த க்ளாஸ்ல உக்காந்து அலைடு ரெக்கார்டு எழுதினோம்.)

என் பார்ட் ஃபைவ் எப்படி போச்சுன்னா, சேந்த புதுசுல யூனிஃபார்ம் ஆசையில என்.சி.சி.க்கு பேர் குடுத்துட்டேன். பரேடு காலைல ஆறரைக்கு. எங்க ஊர்ல இருந்து முதல் பஸ்ஸே 6:50க்குத்தான். மூணு வாரம் லேட்டா போய் கிரவுண்டை சுத்தி ஓடினேன், நாலாவது வாரம் நின்னுட்டேன். ஃப்ரெண்டு என்.எஸ்.எஸ்.ல இருந்தா, "வாடி, சனிக்கிழமை மத்தியானம்தான், மரம் நடுவாங்க, சமோசா குடுப்பாங்க"ன்னா, போய் உக்காந்துட்டேன். உக்காந்தது மட்டும் இல்ல, ரெண்டு வருஷம் ஒழுங்கா போனேன். என்.எஸ்.எஸ்.ல வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240, அதோட ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப். அந்த ஏழு நாளும் ஒரு ஊராட்சி ஒன்றிய ஸ்கூல் தரையில படுத்து எந்திரிச்சு, சுவருக்கு சுண்ணாம்பு அடிச்சு, கை ரெண்டும் வெந்து போய் வந்தேன். ஆனா அட்டெண்டன்ஸ் ஷீட்ல கடைசியில பேனாவால என் பேரை எழுதி கையெழுத்து போட்டுக்கிட்டு இருந்தேனே தவிர, ஆபீஸ்ல இருக்கற என்.எஸ்.எஸ். பேர்ப் பட்டியல்ல என் பேர் ஏறவே இல்ல. ஆபீஸ் கணக்குப்படி நான் மூணு வருஷமும் என்.சி.சி.தான், அதுவும் பரேடுக்கே வராத கேடட். மாறணும்னா என்.சி.சி. சார், என்.எஸ்.எஸ். சார் ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட லெட்டர் வேணுமாம், அதுவும் முதல் செமஸ்டருக்குள்ள. என்.எஸ்.எஸ்.க்கு 'நான் இல்லை, நீதான்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு மோட்டோ உண்டு. என் விஷயத்துல அது அப்படியே பலிச்சிருச்சு.

பழைய ஷீட்டை எல்லாம் தேடிப் பாத்தாங்க, கிடைக்கல. என்.எஸ்.எஸ். பாத்துக்கிட்ட சாரும் அதுக்குள்ள ரிட்டயர் ஆகிட்டார். கடைசியில அடுத்த செமஸ்டர் ஜூனியர் பிள்ளைங்களோட யூத் ரெட் கிராஸ்ல உக்காந்து, ப்ளட் டொனேஷன் கேம்ப்ல ஜூஸ் ஊத்திக் குடுத்து அந்த ஒரு கிரெடிட்டை வாங்கினேன். ப்ரொவிஷனல் கைக்கு வந்தப்ப டிசம்பர். எம்.எஸ்சி. அட்மிஷன் எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, அந்த வருஷம் பூரா தெருப் பிள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

இந்த ரூல் எங்கயோ ரகசியமா இருந்ததான்னா அதுவும் இல்ல. ஃபர்ஸ்ட் இயர் முதல் நாளே குடுத்த ஹேண்ட்புக்ல இருந்துச்சு. அதை எங்கம்மா ரேஷன் கார்டு, கரண்ட் பில்லு வைக்கற இடத்துல சொருகி வச்சிருந்தாங்க. எடுத்துப் பாத்தா, லீவ் லெட்டர் பக்கம் மட்டும் ஒண்ணு விடாம கிழிஞ்சிருக்கு, பின்னாடி பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருந்த ரெகுலேஷன்ஸ் பக்கமெல்லாம் புதுசா அப்படியே இருக்கு. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்த பிள்ளைக்கு அந்த இங்கிலீஷை முதல் நாள்ல வாசிச்சா தலையும் புரியாது வாலும் புரியாது, அதையும் சொல்லணும்.

வெளிநாட்டுல எல்லாம் அட்வைசர்னு ஒருத்தர் இருப்பாராம், எந்த பேப்பர் எடுக்கணும், எத்தனை மிச்சம் இருக்குன்னு உக்காந்து சொல்லுவாராம். நமக்கும் உண்டு, இல்லாம இல்ல. டியூட்டர் வார்டு சிஸ்டம்னு பேரு, இப்ப நிறைய காலேஜ்ல மென்டார்னு சொல்றாங்க. எங்க டியூட்டர் மேடம் தங்கமானவங்க. செமஸ்டருக்கு ஒரு தடவ கூப்பிடுவாங்க, ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அப்பா தொழில், வருமானம், ப்ளட் குரூப், கூடப் பொறந்தவங்க எத்தனை பேர், கடைசியில 'பிரச்சனை ஏதாவது இருந்தால்'னு ரெண்டு கோடு. முப்பது பேரும் அதுல நில்னு (Nil, ஒண்ணும் இல்லைன்னு) எழுதுவோம். எனக்கு பஸ் பிரச்சனை இருந்துச்சு, என்.சி.சி. பிரச்சனை இருந்துச்சு, ஆறு தடவையும் நில்னுதான் எழுதினேன். மேடம்கிட்ட போய் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு ஒரு கூச்சம். எனக்கு அட்வைஸ் பண்ணதெல்லாம் சீனியர் அக்காங்களும் வாசல்ல இருந்த ஜெராக்ஸ் கடை அண்ணனும்தான். அந்தண்ணனுக்கு எந்த பேப்பர்ல எந்த அஞ்சு மார்க் கொஸ்டின் வரும்னு கரெக்டா தெரியும், பார்ட் ஃபைவ் தெரியாது.

நான் மட்டும்தான் இப்படி மாட்டினேன்னு நினைக்காதீங்க. என் க்ளாஸ் பொண்ணு ஒருத்தி ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் படிச்சவ, மார்க் ஈஸியா வரும்னு பார்ட் ஒன்ல பிரெஞ்சு எடுத்தா. எங்க எல்லாருக்கும் என்.எம்.ஈ. நேரத்துல அவளுக்கு மட்டும் அட்வான்ஸ்டு தமிழ். அதான் ரூல், தமிழ் படிச்சுட்டு வந்து வேற மொழி எடுத்தா என்.எம்.ஈ.க்கு பதிலா அட்வான்ஸ்டு தமிழ், தமிழே படிக்காதவங்களுக்கு பேசிக் தமிழ். இலக்கணத்துக்கு பயந்து ஓடினவளை ரெண்டு வருஷம் கழிச்சு இலக்கணமே வந்து பிடிச்சிருச்சு.

சித்தி பொண்ணுக்கு இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன், பாவம், அவ கேட்டது அலைடுன்னா என்னன்னு மட்டும்தான். ஒரு லாங் சைஸ் நோட்ல அஞ்சு பார்ட்டுக்கும் அஞ்சு பக்கம் ஒதுக்கி, டிபார்ட்மென்ட் சிலபஸ்ல முதல் பக்கத்துல இருக்கற கிரெடிட் டேபிளை அப்படியே கையால எழுத சொன்னேன், ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் டிக் அடிச்சு கூட்டிப் பாக்கணும். எந்த பேட்ச் சிலபஸ்னு பாத்து எழுது, சீனியர் குடுக்கற பழைய சிலபஸை நம்பாதேன்னும் சொன்னேன், ஏன்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடறாங்க. எக்ஸ்டெர்னல்ல, அதாவது செமஸ்டர் எக்ஸாம்ல 75க்கு 30 தனியா எடுக்கணும், க்ளாஸ் டெஸ்டுக்கெல்லாம் போடற இன்டெர்னல்ல 25க்கு 24 இருக்குன்னு தைரியமா இருந்துட்டு 27 எடுத்து ஃபெயிலானவங்களை எனக்குத் தெரியும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம், அதுக்குக் கீழ போனா கண்டோனேஷன் ஃபீஸ்னு குறைஞ்ச நாளுக்குப் பணம் கட்டணும், இன்னும் கீழ போனா எக்ஸாமே எழுத விட மாட்டாங்க. அவ ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம், காலேஜும் தமிழ் மீடியம்தான், அதனால டி.என்.பி.எஸ்.சி. எழுதற எண்ணம் இருந்தா தமிழ் வழியில் படிச்சதுக்கான சர்டிபிகேட்டை டி.சி. வாங்கறப்பவே வாங்கிடுன்னேன். தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில இருக்கற 20 சதவீத இட ஒதுக்கீடு 2010ல வந்த சட்டம், 2020ல திருத்தி டிகிரி மட்டும் இல்ல, ஸ்கூல் படிப்பும் தமிழ் வழியா இருக்கணும்னு ஆக்கிட்டாங்க.

இப்ப இவங்களுக்கு எங்க காலத்துல இல்லாத சமாச்சாரமும் நிறைய இருக்கு. நான் முதல்வன் 2022 மார்ச்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திறன் பயிற்சித் திட்டம், அதுல வர்ற கோர்ஸுக்கும் இவ காலேஜ்ல கிரெடிட் இருக்காம், ஆன்லைன் வீடியோதானன்னு விட்டுட்டா அப்புறம் அங்கயும் ஓட்டை விழும். ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) ஐடி கிரியேட் பண்ண சொல்லி க்ளாஸ் குரூப்ல மெசேஜ் போட்டிருக்காங்க, கிரெடிட்டை எல்லாம் பேங்க் கணக்கு மாதிரி சேத்து வைக்கற 12 இலக்க நம்பர் அது. இவளுக்கு ஆகல. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, மார்க் ஷீட்ல பின்னாடி. நம்ம ஊர்ல இனிஷியலால நின்னு போன வேலைகளை எழுதினா தனி போஸ்ட் ஆயிடும்.

நேத்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. அவங்க மென்டார் ஃபார்ம். அதே ப்ளட் குரூப், அதே அப்பா வருமானம். கடைசி ரெண்டு கோட்டுல நில்னு எழுதாம, "பார்ட் ஃபைவ்ல என் பேர் எதில் உள்ளது, இனிஷியலை எங்கே மாற்ற வேண்டும்"னு எழுதி, இடம் பத்தாம ஓரத்துல வளைச்சு எழுதியிருந்தா. அதுக்குக் கீழ மேடம் பென்சில்ல 'வியாழன் லஞ்ச் முடிஞ்சு ஸ்டாஃப் ரூம் வரவும்'னு போட்டிருந்தாங்க.

இன்னைக்கு வியாழன். சாயங்காலம் போன் பண்ணி போனியான்னு கேட்டேன். மேடம் லீவாம்.